எதிர்காற்றுக்கு எத்தனை பல்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கொளவாய் ஏரியை விட்டுக் கிளம்பிச் சற்றுத் தூரம் போனால் வேதகிரி மலை கண்ணில் படும். மலை சாலையோரத்தில் நிற்கிறதே தவிர, சாலை அதன்மேல் ஏறுவதில்லை. பிறகு வயல், ஏரிக்கரை, பூஞ்சேரி, பக்கிங்காம் கால்வாய்ப் பாலம், அப்புறம் கடல். கியர் இல்லாத 28 அங்குலச் சைக்கிளில், முன்னால் செயின் வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்ற கணக்கில் இந்த வழியை மிதித்தால் பெடல் சுமார் 5,500 சுற்று சுற்றும். முன்னால் 48 பல் இருந்தால் 5,000 சுற்றில் ஊர் வந்துவிடும். மிச்சமாவது 500 சுற்று. அந்த மிச்சத்துக்கான விலையை மீதி 5,000 சுற்றும் பங்குபோட்டுச் சுமக்கின்றன.

இன்னொரு தூரமும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. பெடலை அச்சோடு இணைக்கும் இரும்புக் கைக்குக் கிராங்கு என்று பெயர். நம் ஊர்ப் பெரிய சைக்கிள்களில் அது பெரும்பாலும் ஆறரை அங்குலம், அதாவது 165 மில்லிமீட்டர். ஒரு சுற்றில் பாதம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக வட்டமடிக்கிறது. வண்டி 30 கிலோமீட்டர் போவதற்குள் பாதம் தன் சின்ன வட்டத்திலேயே 5.7 கிலோமீட்டர் நடந்துவிடுகிறது. சாலையின் தூரத்தைப் பாதத்தின் தூரத்தால் வகுத்தால் 5.26 வரும். முன்பல், பின்பல், சக்கரத்தின் அளவு, கிராங்கின் நீளம் நான்கும் சேர்ந்த விடை இந்த ஒரே எண்தான். வண்டி இலேசாக மிதிக்கிறதா, கனமாக மிதிக்கிறதா என்று சைக்கிள் கடையில் கேட்கும் கேள்விக்கு எண்ணால் சொல்லும் பதிலும் இதுதான்.

பல கியர் வைத்த வண்டியில் தவறான எண்ணை ஓட்டுகிறவர் போகிற போக்கில் திருத்திக்கொள்ளலாம். ஒற்றைக் கியர் வண்டியில் அது ஒரே ஒரு முறை எடுக்கப்படும் முடிவு. காலைக்கும் மாலைக்கும், வெறும் வண்டிக்கும் மூட்டை ஏற்றிய வண்டிக்கும், இருபது வயதுக் காலுக்கும் அறுபது வயது முழங்காலுக்கும் அதே எண். அப்படிப்பட்ட முடிவை ஓட்டுகிறவர் எடுத்ததில்லை. முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.யையும் செய்யத் தொடங்கியபோது வண்டியோடு அதன் அளவுகளும் இங்கிலாந்திலிருந்து வந்தன. லூதியானாவிலிருந்து ஹீரோ வந்தபோதும் அதே அச்சுதான். உறுதியான, நம்பகமான அச்சு, சந்தேகமில்லை. யாருடைய காலுக்கு, எந்தக் காற்றுக்கு என்ற கேள்வியை மட்டும் அது நம்மிடம் கேட்டதில்லை.

இத்தனைக்கும் சைக்கிளின் வரலாற்றில் காலும் கியரும் ஒரே அளவாக இருந்த காலம் ஒன்று உண்டு. பெரிய முன்சக்கரமும் குட்டிப் பின்சக்கரமுமாக இருந்த பழைய வண்டியில் பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று. வேகம் வேண்டுமானால் சக்கரம் பெரிதாக வேண்டும், சக்கரம் பெரிதாக வேண்டுமானால் கால் நீளமாக வேண்டும். ஆகவே வாங்குகிறவரின் காலை அளந்துதான் வண்டி விற்றார்கள். 1885ல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சங்கிலியோடு வந்தது. சக்கரம் சிறிதாயிற்று, பல்லின் கணக்கு வேகத்தைப் பார்த்துக்கொண்டது. ஆனால் அளவு பேசும் முறை மாறவில்லை. 28 அங்குலச் சக்கரத்தை 44ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் 68 அங்குலம் வரும். பழைய பெருஞ்சக்கர வண்டியாக இருந்தால் எத்தனை அங்குலச் சக்கரத்துக்குச் சமம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். சைக்கிள்காரர்கள் பலர் இன்றும் கியரை அங்குலத்தில் சொல்வது இதனால்தான். சங்கிலி வந்ததால் வண்டி பாதுகாப்பாயிற்று. கூடவே, விற்பவர் வாங்குகிறவரின் காலைப் பார்ப்பதும் நின்றுபோயிற்று. அந்த இழப்பைப் பற்றி யாரும் அதிகம் எழுதியதில்லை.

கிராங்கின் நீளத்தை அங்குலக் கணக்கு கண்டுகொள்வதில்லை என்ற குறையை நேராக்கியவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு சைக்கிள் கடையில் பழுதுபார்த்துக்கொண்டே வாழ்நாளெல்லாம் எழுதிய ஷெல்டன் பிரவுன். 2008ல் மறைந்தார். சாலை ஓடும் தூரத்தைப் பாதம் ஓடும் தூரத்தால் வகுக்கும் முறையை முன்வைத்தவர் அவர்தான். சக்கரத்தின் ஆரத்தைக் கிராங்கின் நீளத்தால் வகுத்துப் பல் விகிதத்தால் பெருக்கினால் போதும். பள்ளிக்கூடக் கணக்கு.

இனி காற்று. இந்தக் கடற்கரையில் சைக்கிளுக்கு மலை கிடையாது. முட்டுக்காட்டுப் பாலம், கால்வாய்ப் பாலம், செங்கல்பட்டுப் பக்கத்து ரயில் மேம்பாலங்கள் ஆகியவைதான் ஏற்றம் என்று சொல்லத்தக்கவை. அதனால் வெளியூர்க்காரர் வரைபடத்தைப் பார்த்து, சமதளம்தானே, பெரிய கியராகவே போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்வார். தமிழில் காற்றுக்குத் திசைக்கொரு பெயர் இருக்கிறது: வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. பாய் விரித்தவனுக்கும் நெல் தூற்றியவனுக்கும் எந்தப் பெயர் எப்போது வரும் என்று தெரிந்திருக்க வேண்டியிருந்தது. சைக்கிள்காரனுக்கும் அந்த அறிவு வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியுமாக நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி. வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். எதிரே 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. இந்தக் கரையில் பிற்பகலில் அது அபூர்வமான காற்றே அல்ல. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக வளரும் என்பதால், அந்த நேரத்தில் கூடுதலாகத் தள்ளவேண்டிய பாரம் நூறு மீட்டருக்கு 2 மீட்டர் ஏறுகிற மேட்டுக்குச் சமம். மேடு என்றால் உச்சி உண்டு, இறக்கமும் உண்டு. பூஞ்சேரியிலிருந்து கடல்வரை முகத்தில் அடிக்கும் காற்றுக்கு இரண்டும் இல்லை. 44க்கு 18 போட்ட வண்டியில் இதைச் சமாளிக்க நிமிடத்துக்கு 37 சுற்றுதான் சுற்ற முடியும், ஒவ்வொரு சுற்றிலும் பாதம் சராசரியாக 17 கிலோ பாரத்தை அழுத்தியாக வேண்டும். பின்பல்லை 22 ஆக்கினால் அதே வேகத்துக்குச் சுற்று 45 ஆகும், பாரம் 14 கிலோவாகக் குறையும். உழைப்பு மொத்தத்தில் அதே உழைப்புதான். ஆனால் 17 கிலோவை மெதுவாக அழுத்தும் முழங்காலுக்கும் 14 கிலோவைச் சற்று விரைவாக அழுத்தும் முழங்காலுக்கும் ஐந்து வருடத்தில் தெரியும் வேறுபாடு பெரிது.

காற்றுக்கு நேரமும் உண்டு. சித்திரை, வைகாசியில் காலையில் நிலத்திலிருந்து மேற்குக் காற்று வீசும், உச்சிக்கு முன்னும் பின்னுமாகக் கடற்காற்று எழுந்து அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். காலையில் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு வேலைக்கு வருகிறவரை நிலக்காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரும். பிற்பகலில் திரும்பும்போது கடற்காற்று தள்ளும். இரண்டு வேளையும் அதிர்ஷ்டம். அதே சாலையில் எதிர்த்திசையில் வாழ்கிறவரை நினைத்துப் பார்க்க வேண்டும். விடியலில் கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, கேரியரில் பெட்டியைக் கட்டி, உள்ளூர்களுக்கு மேற்கே மிதித்தவர்கள். மீன் காத்திருக்காது. போகும்போது பாரமும் மேற்குக் காற்றும் சேர்ந்து எதிர்க்கும். விற்று முடித்து வெறும் பெட்டியோடு வீடு திரும்பும் பிற்பகலில், கடற்காற்று முகத்துக்கு நேராக நிற்கும். 1980ல் டி.வி.எஸ். 50 வந்து மெல்ல மெல்ல அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும்வரை இரு வேளையும் எதிர்காற்றிலேயே நடந்த தொழில் அது. பாரம் ஏற்றுகிறவர்கள் ஃப்ரீவீலை 20 பல்லுக்கோ 22 பல்லுக்கோ மாற்றிக்கொள்வது எந்தப் புத்தகத்தையும் படித்து வந்த ஞானமல்ல. ‘வண்டி கனமா மிதிக்குதுண்ணா’ என்று கடைக்காரரிடம் சொன்னால், அவர் முதலில் பார்ப்பது பின்சக்கரத்தைத்தான்.

ஐப்பசியிலிருந்து மார்கழிவரை கதை வேறு. வடகிழக்கிலிருந்து வரும் காற்று கிழக்குக் கடற்கரைச் சாலையை நீளவாக்கில் பிடித்துக்கொள்ளும். சென்னையிலிருந்து கோவளம் தாண்டி மாமல்லபுரம் வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரும்போது தன் கால்பலத்தை மெச்சிக்கொள்ளும், திரும்பும்போது முட்டுக்காட்டில் உண்மை தெரியும்.

அப்படியானால் ஏன் இந்தக் கரையில் ஒற்றைக் கியர் இன்னும் நிலைக்கிறது? உப்பு. கடற்காற்றில் நிற்கும் வண்டியில் கியர் மாற்றும் கம்பிகள், குட்டிச் சுருள்கள், மெல்லிய சங்கிலி எல்லாம் துருவுக்குத் தீனி. மணல் வேறு. தடித்த சங்கிலி, ஒரு முன்பல், ஒரு பின்பல், எண்ணெய் விட்டால் ஓடும் வண்டி என்பதில் உள்ள அறிவு மதிக்கத்தக்கது. பிரான்ஸின் சைக்கிள் பந்தயத்தில்கூட 1937வரை கியர் மாற்றியை அனுமதிக்கவில்லை. வீரர்கள் பின்சக்கரத்தின் இரு பக்கமும் இரு வேறு பல் வைத்திருந்தார்கள். மலையடிவாரம் வந்ததும் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். ஒரு வண்டிக்கு ஒரு எண் போதாது என்பதை அன்றே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

ஒற்றை எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மிகுந்த கவனத்தோடு செய்கிற இடமும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூர். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் சாய்ந்த சுவர்போல் வளையும் சைக்கிள் ஓடுதளம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டின் ஓடுதளச் சைக்கிள் போட்டிகள் அங்கேதான் நடந்தன. அந்த வண்டிகளுக்குக் கியர் இல்லை, பிரேக் இல்லை, ஃப்ரீவீலும் இல்லை. சக்கரம் சுழலும்வரை பெடல் சுழலும். சரிவில் பெடல் தரையில் இடிக்காமலிருக்கக் கிராங்கு குட்டையாக இருக்க வேண்டும். ஓடுதளத்தில் பல காலமாக வழக்கத்திலிருக்கும் அளவு 165 மில்லிமீட்டர். நம் ஊர்ப் பால்காரரின் வண்டியிலுள்ள அதே அளவு. பல்லை மட்டும் அவர்கள் போட்டிக்குப் போட்டி மாற்றுவார்கள். குறுந்தூரப் பாய்ச்சலுக்கு ஒன்று, நெடுந்தூரத் துரத்தலுக்கு ஒன்று, ஒரே நாளில் இரண்டு முறைகூட.

ஒரு மணி நேரத்தில் யார் அதிக தூரம் ஓட்டுவது என்ற சாதனையின் பல் கணக்கைப் பார்த்தால் இந்தத் தேர்வு எவ்வளவு தனிமனிதருக்கானது என்று புரியும். 1972ல் மெக்சிகோ நகரத்தில் எடி மெர்க்ஸ் முன்னால் 52, பின்னால் 14 பல் வைத்து 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 2022ல் ஸ்விட்சர்லாந்தின் கிரெஞ்சனில் ஃபிலிப்போ கன்னா 65க்கு 14 வைத்து 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். கன்னாவின் பல்லை மெர்க்ஸுக்குக் கொடுத்திருந்தால் அவர் அன்று பாதியில் இறங்கியிருக்கலாம். அந்த எண்ணை முடிவு செய்யப் பயிற்சியாளர், பொறியாளர், உடலியல் அறிஞர் என ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். ஒரு மணி நேரத்துக்காக.

தினம் பத்துக் கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்குப் போகும் பெண்ணுக்காக அப்படி யாரும் உட்காரவில்லை.

அந்தப் பெண்ணிடம் வருவதற்கு முன் ஒரு சிறுவனைப் பார்க்க வேண்டும். வாடகைக் கடையில் மணிக்கணக்குக்கு எடுத்த பெரிய சைக்கிள். பார்மேல் கால் எட்டாது, சீட்டில் உட்கார்ந்தால் பெடல் எட்டாது. இடது கால் இடப்பக்கப் பெடலில். வலது காலைப் பாருக்கு அடியில் முக்கோணத்துக்குள் நுழைத்து வலப்பக்கப் பெடலில். உடம்பு முழுக்க வண்டிக்கு வெளியே ஒரு பக்கமாகத் தொங்கும். குரங்குப் பெடல். 2024ல் கமலக்கண்ணன் இயக்கிய படத்துக்கே அதுதான் பெயர். ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ கதையிலிருந்து வந்த படம். தமிழ்நாட்டுச் சிற்றூரில் சைக்கிள் கற்ற ஒரு தலைமுறைக்கு விளக்கம் தேவையில்லாத சொல்.

அந்தச் சிறுவன் என்ன செய்கிறான் என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். அவன் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. பாதி அழுத்துவான், பிறகு பின்னுக்குத் திருப்புவான். ஃப்ரீவீல் டிக் டிக் என்று சத்தமிட்டு அதை அனுமதிக்கும். மறுபடி பாதி அழுத்துவான். ஏன்? ஆறரை அங்குலக் கிராங்கில் பெடலின் உச்சிக்கும் அடிக்கும் இடையே 13 அங்குலம். அவன் காலுக்கு அந்த வட்டம் மிகப் பெரிது. வட்டத்தைச் சிறிதாக்கும் உரிமை அவனுக்கு இல்லாததால், வட்டத்தில் தன் காலுக்கு ஒத்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறான். கிராங்கு நீளத்தைப் பற்றிய முதல் பாடத்தை எட்டு வயதில், முழங்கால் சிராய்ப்போடு, தானே கண்டுபிடிக்கிறான். வளர்ந்தபின் அதை மறந்துவிடுகிறோம் என்பதுதான் வருத்தம்.

நீளமான கிராங்கு நெம்புகோல் போல, ஆகவே அதிக பலம் தரும் என்ற நம்பிக்கை சைக்கிள் உலகில் வெகுநாள் இருந்தது. 2001ல் வெளியான மார்ட்டின், ஸ்பிர்டுசோ ஆய்வு அதை நேராகவே சோதித்தது. 16 பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்கள், 120 முதல் 220 மில்லிமீட்டர்வரை ஐந்து நீளக் கிராங்குகள். 120க்கும் 220க்கும் இடையே இருப்பது பத்து சென்டிமீட்டர், ஒரு சாணில் கிட்டத்தட்டப் பாதி. ஆனால் அவர்களால் திரட்ட முடிந்த உச்ச ஆற்றலில் மிக நல்ல அளவுக்கும் மிக மோசமான அளவுக்கும் உள்ள வேறுபாடு 4 விழுக்காடுதான். 145, 170 இரண்டும் முன்னணியில் நின்றன. காலின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உகந்தது என்று அந்த ஆய்வு கணித்தது. அதாவது கிராங்கைக் குட்டையாக்கினால் பலம் போய்விடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. குட்டையாக்கிய அளவுக்குப் பின்பல்லைக் கூட்டிவிட்டால் பாதத்தில் விழும் பாரமும் பழையபடியே இருக்கும்.

லாபம் முழங்காலுக்கும் இடுப்புக்கும். கிராங்கை 13 மில்லிமீட்டர் குறைத்தால், கீழே கால் நீளும் அளவு மாறாமலிருக்கச் சீட்டை 13 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். அப்போது பெடல் உச்சியில் இருக்கும் நேரத்தில் முழங்காலுக்கு 26 மில்லிமீட்டர் விடுதலை கிடைக்கிறது. குந்தி உட்கார்ந்து எழ முடியாத மூத்தவர் ஒருவருக்கு அந்த ஒரு அங்குலம்தான் சைக்கிள் ஓட்டுவதற்கும் சுவரில் சாய்த்துவைப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம். 2024ல் இத்தாலியின் சைக்கிள் பந்தயத்தையும் பிரான்ஸின் பந்தயத்தையும் ஒரே ஆண்டில் வென்ற தாதே போகாச்சர், தன் உயரத்துக்கு வழக்கமான அளவை விட்டு 165க்கு இறங்கினார் என்ற செய்தி வந்ததும் உலகமெங்கும் சைக்கிள்காரர்கள் தங்கள் கிராங்கை அளக்கத் தொடங்கினார்கள். நம் கரையில் அந்த அளவு தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. ஆனால் இங்கே எல்லோருக்கும் அதுவே. போகாச்சரை விட ஒரு சாண் குள்ளமான மனிதருக்கும் அதுவே.

இப்போது அந்தப் பள்ளி மாணவி. தமிழ்நாடு அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கியது. பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புக்கு வரும் மாணவ மாணவியர் எல்லோருக்குமாக விரிந்தது. மேல்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில் இருந்த காரணத்தாலேயே படிப்பு நின்றுபோன வீடுகளில் அந்த வண்டி என்ன செய்தது என்பதைச் செங்கல்பட்டு, மதுராந்தகம், திருப்போரூர்ப் பக்கச் சாலைகளில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்திய அளவில் பெருமைப்படத்தக்க திட்டங்களில் ஒன்று. அதனால்தான் இந்தக் கோரிக்கையையும் சொல்ல வேண்டியிருக்கிறது: மாணவருக்கு ஒரு வடிவம், மாணவிக்கு ஒரு வடிவம் என்று வருகிற அந்த வண்டியில் உயரத்துக்கேற்ற கிராங்கு என்ற தேர்வு கிடையாது. நூற்று நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணும் நூற்று அறுபத்தைந்து உள்ள பெண்ணும் ஒரே வட்டத்தைத்தான் மிதிக்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்குக் கணக்கை வைத்தால் முதல் பெண்ணின் காலுக்குப் பொருந்துவது 145க்குப் பக்கம். இரண்டு கிராங்கு நீளம், பின்னால் ஒரு பெரிய பல், இவ்வளவுதான் வேண்டியிருப்பது. சட்டைக்கே மூன்று அளவு தைக்கிறோம்.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் கொடுத்தார், பி. சாய்நாத் எழுதி நாடறியச் செய்தார். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனபோது அவர்கள் காத்திருக்கவில்லை. ஆண்கள் ஓட்டும் பெரிய வண்டியையே வாங்கினார்கள். முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம், பின்னால் குடத்தைக் கட்டலாம் என்பது கூடுதல் வசதி. தமக்காகச் செய்யப்படாத அளவைத் தம் உடம்பால் பழக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அந்தத் துணிச்சலைப் போற்றும்போதே, அந்த உடம்புகளிடம் வண்டி எவ்வளவு கூலி வாங்கியிருக்கும் என்றும் யோசிக்கலாம்.

மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெருப் பக்கம் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் சைக்கிள்களிலும் இதே காட்சி. ஆறடி ஜெர்மானியருக்கும் ஐந்தடி மதுரைக்காரருக்கும் கடைக்காரர் செய்து தரும் ஒரே திருத்தம் சீட்டை ஏற்றி இறக்குவது. புலிக்குகை வரை போய் வர அது போதும். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை வரை போகிறவர் திரும்பும்போது முழங்காலைத் தடவிக்கொண்டு வருவார்.

எனவே, இந்தக் கரையில் ஒற்றைக் கியர் வண்டி வைத்திருக்கிறவர் எதிலிருந்து தொடங்குவது? தன் மிக நல்ல காலையிலிருந்து அல்ல, மிக மோசமான பிற்பகலிலிருந்து. பலரும் புது வண்டியைப் பின்காற்றில் ஓட்டிப் பார்த்து, கால் வெறுமனே சுற்றுகிறதே என்று பெரிய கியருக்குப் போகிறார்கள். 44க்கு 22 வைத்த வண்டியில் நிமிடத்துக்கு 90 சுற்று சுற்றினால் 24 கிலோமீட்டர் வேகம் வரும். சந்தைக்கும் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பாரமில்லாமல் ஓட்டும் நடுவயதுக்காரருக்கு 44க்கு 20 பொருந்தும். பாரம் ஏற்றினால், அல்லது வயது ஐம்பதைத் தாண்டினால் 22. 48க்கு 18 என்பது இருபது வயதுத் தொடைகளுக்கும் அசையாத காற்றுக்கும் உரியது. இரண்டும் ஒரே நாளில் அமைவது இங்கே அபூர்வம்.

கிராங்கைத் தொடுவதற்கு முன் பின்பல்லை மாற்றிப் பார்ப்பதுதான் சிக்கனம். பழைய வண்டியில் வலப்பக்கக் கிராங்கும் செயின் வீலும் ஒரே உடம்பு. நீளத்தை மாற்ற வேண்டுமானால் இரண்டும் சேர்ந்து வெளியே வர வேண்டும். கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் துருவேறிய காட்டர் பின்னைச் சுத்தியால் தட்டி எடுப்பது கைப்பழக்கமுள்ளவர் வேலை. திரும்பப் போடும்போது ஒரு பின் தலைகீழாகப் போனாலும் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நில்லாமல் நொண்டும். சிறுவர் வண்டிகளுக்கு வரும் 6 அங்குல, ஐந்தரை அங்குலக் கிராங்குகள் கடைகளில் இருக்கின்றன. குள்ளமானவர்களும் மூட்டு வலியுள்ளவர்களும் கூச்சப்படாமல் கேட்டு வாங்கலாம். குட்டைக் கிராங்கு போட்டால் பின்பல்லும் கூட வேண்டும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால் தப்பித்துத் தொடை மாட்டிக்கொள்ளும்.

ஃப்ரீவீல் மிதிக்க மிதிக்க இறுகும் மறையில் உட்கார்ந்திருப்பது. வருடக்கணக்கான மிதியை எதிர்த்திசையில் திருகி எடுக்க வேண்டும். முன்தினமே எண்ணெய் விட்டுவைத்தால் கடைக்காரருக்குப் பாதி வேலை மிச்சம். 18லிருந்து 22க்குப் போகும்போது சங்கிலி இரண்டு கண்ணி அளவுக்கு அதிகம் கேட்கும். சக்கரத்தை அரை அங்குலம் முன்னுக்குத் தள்ள இடமிருந்தால் பழைய சங்கிலியே போதும், இல்லையென்றால் ஒரு அங்குலத் துண்டு சேர்க்க வேண்டும். மாட்டியபின் சங்கிலியின் நடுவில் விரல் வைத்துத் தூக்கினால் அரை அங்குலம் அசைய வேண்டும், பெடலை எந்த நிலையில் வைத்துப் பார்த்தாலும். பிறகு பிற்பகல் மூன்று மணிக்கு, கடற்காற்று நன்றாக எழுந்தபின், பூஞ்சேரிப் பக்கமிருந்து ஊரை நோக்கிக் கால்வாய்ப் பாலத்தில் ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாம். சீட்டை விட்டு எழாமல் ஏற முடிந்தால் 22 அங்கேயே இருக்கட்டும். கழற்றிய 18ஐ எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி, வீட்டில் உப்புக்காற்று படாத இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.